ஜூலை மழையில் சென்னையிலிருந்து கொச்சிக்கு பைக்கில்: நண்பர் வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கொச்சியில் இருக்கும் நண்பர்களைப் பார்க்க சென்னையிலிருந்து பைக்கில் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ரெயின்கோட் வாங்கலாம் என்றுதான். ரெயின்கோட் முக்கியம், அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மழை பெய்கிற பகுதியை நாளின் எந்த நேரத்தில், உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும்போது கடக்கப் போகிறீர்கள்? இதைச் சரியாக முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

ஏன் என்று பார்ப்போம். சென்னையிலிருந்து கொச்சிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், பெருந்துறை, அவிநாசி, கோவை. இதுவரைக்கும் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஜூன், ஜூலையில் இந்தப் பகுதி பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும், ஏனென்றால் மேற்குத் தொடர்ச்சி மலை மழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. சாயங்காலத்தில் இடி மின்னலோடு ஒரு மழை வந்தால் உண்டு. கோவையிலிருந்து கொச்சிக்கு மீதி 190 கிலோமீட்டர், அதில் கேரள எல்லையில் உள்ள வாளையார் தாண்டியதும் வானமே மாறிவிடும். அதாவது அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி ஒரே நாளில் போய்விடலாம் என்று நினைப்பவர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் ஓட்டிக் களைத்த உடம்போடு, சாயங்காலத்தை நெருங்குகிற நேரத்தில், பழக்கமில்லாத சாலையில், பயணத்தின் மிகக் கடினமான பகுதிக்குள் நுழைகிறார். போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். எதிர்வரும் வண்டியின் விளக்கு வைசரில் இருக்கிற ஒவ்வொரு துளியிலும் சிதறும். பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: கோவையில் ஒரு இரவு தங்குங்கள். முடியாவிட்டால் சேலம் அல்லது அவிநாசி. முதல் நாள் விடியும் முன் கிளம்பினால் மதியம் இரண்டு மூன்று மணிக்குள் கோவை வந்துவிடலாம், உள்மாவட்டங்களில் சாயங்காலம் கட்டுகிற இடிமழைக்கும் முந்திவிடலாம். நன்றாகத் தூங்கி, மறுநாள் காலை ஆறரை ஏழு மணிக்கு, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு வாளையாரைக் கடந்தால், மழை எவ்வளவு அடித்தாலும் உங்களிடம் பகல் முழுக்க இருக்கிறது. நின்று நின்று போகலாம். ஒரு லாட்ஜ் வாடகை கூடுதல் செலவுதான், ஆனால் இந்தப் பயணத்தில் வேறு எதற்குச் செலவு செய்தாலும் இவ்வளவு பாதுகாப்பு கிடைக்காது.

நண்பரிடம் என்ன சொல்வது

மழையில் நடக்கிற விபத்துகளுக்கு வேகம் காரணம் என்கிறோம். அந்த வேகத்துக்குக் காரணம் பல நேரம் "மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்று கொடுத்த வாக்கு. அங்கே ஒருவர் மீன் பொரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று தெரிந்தால் கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும். எனவே நேரம் சொல்லாதீர்கள். "நாளைக்கு எப்போது வேண்டுமானாலும் வருவேன், ஆலுவா வந்ததும் கூப்பிடுகிறேன், எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்து வேலையில் சேரும் நாளுக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விட்டு வையுங்கள். அந்த ஒரு நாள் கையில் இருந்தால்தான் "இன்றைக்கு வேண்டாம், இங்கேயே தங்கிவிடுவோம்" என்று சொல்ல மனசு வரும்.

நண்பர் வேறு விதத்திலும் உதவுவார். இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கலாம், ஆரஞ்சு 115.6 முதல் 204.4 வரை, சிவப்பு அதற்கும் மேல். பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் இந்த மூன்று மாவட்டங்களையும் பாருங்கள். மஞ்சளில் போகலாம். ஆரஞ்சில் கோவையிலேயே ஒரு நாள் காத்திருக்க முடியுமானால் காத்திருங்கள். சிவப்பில் போகவே வேண்டாம். 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவாவே மூழ்கியது, நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையத்தை இரண்டு வாரம் மூடி வைத்தார்கள், இந்தச் சாலை அந்த வழியாகத்தான் போகிறது. எச்சரிக்கையோடு சேர்த்து நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்குப் பள்ளிகளுக்குக் கலெக்டர் விடுமுறை விட்டிருக்கிறாரா? கேரளத்தில் மழை மோசமாக இருந்தால் முந்தைய நாள் சாயங்காலமே அந்த அறிவிப்பு வந்துவிடும். நிலைமையைத் தெரிந்துகொள்ள இது நல்ல அடையாளம்.

சிலர் மழையில் மூணாறு அழகாக இருக்கும், மதுரை, தேனி, போடிமெட்டு வழியாகப் போகலாமே என்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூணாறு அருகே கேப் ரோடு பகுதியில் மண்சரிவு அடிக்கடி நடக்கும், நேரியமங்கலம் காட்டுப் பகுதியில் மரம் விழுந்து சாலை அடைபடும், மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. நண்பர்களைப் பார்க்கப் போகும்போது ஜூலையில் அந்த வழி வேண்டாம். மலைப்பாதைக்கு டிசம்பரில் போய்க்கொள்ளலாம்.

வண்டி

டயரைத்தான் முதலில் பாருங்கள். பள்ளங்களுக்குள் சின்ன மேடு மாதிரி ஒரு தேய்மானக் குறி இருக்கும், டயர் பக்கவாட்டில் அதற்கு ஒரு முக்கோணமோ எழுத்தோ போட்டிருப்பார்கள். ரப்பர் அந்தக் குறிக்குப் பக்கத்தில் தேய்ந்து வந்திருந்தால், காய்ந்த ரோட்டில் இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று மெக்கானிக் சொன்னாலும் மழைப் பயணத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். அந்தப் பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. அவை ஆழமில்லை என்றால் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். மழை நாளில் காற்றைக் குறைத்து வைத்தால் பிடிப்பு கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு, அதைக் கேட்காதீர்கள். நிறுவனம் சொன்ன அளவு காற்று இருந்தால்தான் அந்தப் பள்ளங்கள் விரிந்து வேலை செய்யும்.

பிரேக் பேடும் ஷூவும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஈரமும் மணலும் சேர்ந்து அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். பின்னால் டிரம் பிரேக் என்றால், தண்ணீருக்குள் இறங்கி ஏறியதும் அது சரியாகப் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடியே பின் பிரேக்கை லேசாக மிதித்துச் சூடாக்கினால் காய்ந்து பழைய நிலைக்கு வரும். டிஸ்க்கும் நனைந்திருக்கும்போது முதல் அரை நொடி பிடிக்காத மாதிரி இருந்து திடீரென்று பிடிக்கும், இதைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2019 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே விற்கிற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் உண்டு என்றாலும், பல 150, 160 சிசி வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். உங்கள் வண்டியில் எது என்று கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

செயின் எண்ணெயை மழை ஒரே நாளில் கழுவிவிடும். சின்ன ஸ்பிரே டப்பா ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, மழையில் ஓட்டிய நாள் முடிவில் செயின் இன்னும் சூடாக இருக்கும்போதே துடைத்து அடித்துவிடுங்கள். பெட்ரோல் போடும்போது டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கியிருக்கும் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் திறக்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். தண்ணீர் கூடுதலாகப் போய்விட்டால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். டேங்க் பாதியானதும் கூரை நன்றாக உள்ள பங்க்கில் நிறுத்தி நிரப்பிக்கொள்வது நல்லது. பங்க் தரையில் டீசல் சிந்தியிருக்கும், அதன் மேல் தண்ணீரும் இருக்கும், காலை ஊன்றும்போது பார்த்து ஊன்றுங்கள்.

உடை, பை

ரெயின்கோட் என்றால் சட்டை, பேன்ட் தனித்தனியாக உள்ளதுதான். ஒரே துணியாகப் போர்த்திக்கொள்கிற வகை காற்றில் படபடத்து, கீழ் நுனி செயினிலோ சக்கரத்திலோ மாட்டும். உள்ளே தையல்கள் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், தண்ணீர் எப்போதும் தையல் வழியாகத்தான் இறங்கும். வாங்கியதும் போட்டுக்கொண்டு வீட்டு ஷவரின் கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள், எங்கே ஒழுகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். நிறம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. கறுப்பு ரெயின்கோட்டை மழையில் லாரி ஓட்டுநரால் பார்க்கவே முடியாது.

கிளவுஸ் ரெயின்கோட் கைக்குள்ளே போக வேண்டும், வெளியே இருந்தால் கையில் வழிகிற தண்ணீர் நேராக விரல்களுக்குப் போகும். பேன்ட் ஷூவுக்கு மேலே வர வேண்டும். ஷூ நனைந்தே தீரும், அதனால் சாக்ஸுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டி அதன் மேல் ஷூ போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஒரு நாள் முழுக்கக் காயாது, அதன் எடையும் கூடிவிடும். சீக்கிரம் காய்கிற விளையாட்டுத் துணிகள் போதும். மழை தொடங்கிய பிறகு ரெயின்கோட் போடுவதால் ஒரு பயனும் இல்லை, உள்ளே ஏற்கனவே நனைந்திருப்பீர்கள். கோவை பைபாஸ் முடிந்து மதுக்கரை தாண்டியதும் வானம் தெளிவாக இருந்தாலும் நிறுத்திப் போட்டுக்கொண்டு வாளையாருக்குள் போங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலைக் கேமராக்களை வைத்து அபராதம் போடுகிறார்கள், பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும்.

வைசர் நிறமில்லாததாக இருக்கட்டும். உள்பக்கம் ஆவி படியாமல் இருக்க, பின்லாக் என்கிற உள்தகடு பொருந்துகிற ஹெல்மெட் இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு சொட்டை உள்பக்கம் தடவி, காய்ந்த மெல்லிய துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்த்துவிடுங்கள், சில மணி நேரம் தாங்கும்.

முதுகுப் பையோடு கொடுக்கும் ரெயின் கவரை நம்ப வேண்டாம், காற்றில் பறந்துவிடும், பையின் முதுகுப் பக்கம் வழியாகவும் தண்ணீர் ஏறும். பையின் உள்ளே ஒரு பெரிய கனமான குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். ஒரு செட் துணி, சார்ஜர், மருந்து மூன்றையும் அதற்குள்ளேயே இன்னொரு ஜிப் பையில் வையுங்கள். கட்டுகிற கயிறு, ரப்பர் கொக்கி எதுவானாலும் நுனி தொங்கக் கூடாது, செயினில் போய் மாட்டும். போனின் திரை ஈர விரலுக்கு வேலை செய்யாது என்பதால் கொஞ்சம் ரொக்கம் வேண்டும், ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் மேப் பார்க்க வேண்டிய தேவை குறையும். நண்பர்களுக்குக் காபித்தூளோ முறுக்கோ எடுத்துப் போகிறவர்கள் டப்பாவில் போட்டு அந்தப் பைக்கு நடுவில் வைத்துவிடுங்கள். சேலம் மாம்பழம் வாங்கிப் போக ஆசையாக இருக்கும், 350 கிலோமீட்டர் குலுங்கலில் நசுங்காமல் போய்ச் சேராது.

ரோட்டில்

மழை தொடங்கிய முதல் பதினைந்து இருபது நிமிடம்தான் மிகவும் வழுக்கும். ரோட்டில் படிந்திருக்கும் எண்ணெய், தூசி, டயர் துகள் எல்லாம் தண்ணீரோடு குழம்பி மேலே வந்து நிற்கும். அந்த நேரத்தில் நிறுத்தி ஒரு டீ குடிப்பது மிக நல்ல முடிவு. அதற்குப் பிறகு நன்றாகப் பெய்து ரோடு கழுவப்பட்டுவிட்டால் பிடிப்பு ஓரளவு திரும்பிவிடும். ஆனால் வெள்ளைக் கோடுகள், பாலங்களில் குறுக்கே இருக்கும் இரும்பு இணைப்புகள், மேன்ஹோல் மூடிகள், இவை மழை நிற்கும்வரை வழுக்கும். இவற்றின் மேல் போகும்போது வண்டி நேராக நிமிர்ந்திருக்க வேண்டும், பிரேக்கும் கூடாது, ஆக்சிலேட்டரை முறுக்கவும் கூடாது.

பிரேக்கை இரண்டு பக்கமும் சேர்த்து, சீக்கிரமாகத் தொடங்கி மெதுவாக அழுத்துங்கள். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள், நீங்கள் அதே கம்பத்துக்கு வருவதற்குள் நாலு நொடியாவது ஆகியிருக்க வேண்டும். காருக்குப் பின்னால் அதன் டயர் தடத்திலேயே போவது நல்லது, தண்ணீர் அங்கே குறைவாக இருக்கும், பள்ளம் இருந்தால் கார் குலுங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். லாரி, பஸ் பின்னால் போகாதீர்கள். அது தெளிக்கிற சேற்றுத் தண்ணீரில் எதுவும் தெரியாது, அதன் ஓட்டுநருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். கடந்து போகிறீர்கள் என்றால் தயங்காமல் கடந்துவிடுங்கள், முடியாது என்று பட்டால் நன்றாகப் பின்வாங்குங்கள்.

இனி வழி. நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகிற கோவை பைபாஸ் குறுகலானது, எதிரில் லாரிகள் ஓவர்டேக் செய்துகொண்டு வரும், இங்கே அவசரப்படக் கூடாது. வாளையாரிலிருந்து பாலக்காடு வரை மழையை விடக் காற்று பெரிய விஷயம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குக் காற்று இந்த வாசல் வழியாகப் பலமாக உள்ளே பாய்கிறது, கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பதே அதனால்தான். பக்கவாட்டில் தள்ளும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு கைகளைத் தளர்வாக விடுங்கள், உயரமான லாரியைக் கடந்து வெளியே வருகிற நொடியில் ஒரு தள்ளு வரும் என்று எதிர்பார்த்திருங்கள்.

வடக்கஞ்சேரி தாண்டினால் குதிரான். முன்பு இந்த ஏற்றம் குழியும் லாரி நெரிசலுமாக மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும். 2021 ஜூலை 31 அன்று முதல் சுரங்கப்பாதையைத் திறந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். மழையிலிருந்து உள்ளே நுழைந்ததும் வைசரில் ஆவி படியும், கண்ணுக்கும் வெளிச்சம் மாறும், அதனால் வாசலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து வைசரை ஒரு விரல் அளவு திறந்துவிடுங்கள். உள்ளே நிற்காதீர்கள்.

மண்ணுத்தியிலிருந்து இடப்பள்ளி வரை நாலுவழிச் சாலைதான். ஆனால் அடிப்பாலங்களுக்காகத் தோண்டிய இடங்களில் வண்டிகளைப் பக்கச் சாலைக்குத் திருப்பிவிடுவார்கள், அந்தப் பக்கச் சாலைகள் மழையில் மோசமாகிவிடும். இந்தப் பகுதியின் நிலையைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பதையே நிறுத்தி வைத்தது, பிறகு அக்டோபரில்தான் மறுபடி அனுமதித்தது. தண்ணீர் தேங்கிய பக்கச் சாலையில் முன்னால் போகிற வண்டியின் தடத்தை விட்டு விலகாதீர்கள். டோல்கேட்களில் நமக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்தில் உள்ள சின்ன வழியில் போகச் சொல்வார்கள், அதில் சேறும் வேகத்தடையும் சேர்ந்தே இருக்கும்.

ஓடுகிற தண்ணீரில் இறங்கவே கூடாது, அடியில் ரோடு இருக்கிறதா என்றே தெரியாது. தேங்கிய தண்ணீர் என்றால் உங்கள் வண்டி மாதிரியே ஒன்று கடந்து போவதைப் பார்த்த பிறகு, முதல் கியரில், கிளட்சைக் கொஞ்சம் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்துப் போங்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அழுத்தத்துக்குச் சுருங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு கரையேறி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112.

மின்னல் அடிக்கும்போது டயர் ரப்பர் காப்பாற்றும் என்பது பொய். மரத்தடியிலும் நிற்காதீர்கள். கடை, பங்க், பஸ் ஸ்டாண்ட் என்று கட்டடம் உள்ள இடத்துக்குள் போய்விடுங்கள். பாலத்துக்கு அடியில் ரோட்டிலேயே கூட்டமாக நிறுத்துகிற வழக்கம் மிகவும் ஆபத்தானது, மழையில் கண் தெரியாமல் வருகிற வண்டி அங்கேதான் வந்து மோதும்.

ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை நில்லுங்கள். 23, 24 டிகிரிதான் என்றாலும் நனைந்த உடம்பில் காற்று பட்டுக்கொண்டே இருந்தால் விரல் மரத்துப் போகும், பிரேக் பிடிக்கத் தாமதமாகும். உடம்பு நடுங்கத் தொடங்கினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள், உலர்ந்த பனியனுக்கு மாறிச் சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். தட்டுக்கடைகளில் கட்டன் சாயாவும் பழம்பொரியும் எப்போதும் கிடைக்கும். மழையில் தாகம் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் குடியுங்கள். நிற்கும்போதெல்லாம் நண்பருக்கு ஊர்ப் பெயரை மட்டும் ஒரு செய்தியாக அனுப்பிவிட்டால், ஓட்டும்போது போன் அடித்துக்கொண்டிருக்காது.

போய்ச் சேர்ந்த பிறகு

வீட்டுக்குள் போகும் முன் பழைய செய்தித்தாள் கேளுங்கள். கிழித்து உருட்டி ஷூவுக்குள் திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் புதிதாகத் திணித்தால் காலையில் ஓரளவு காய்ந்திருக்கும். ஜூலையில் அங்கே வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது. ரெயின்கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஃபேன் கீழே தொங்கவிடுங்கள், மடித்து வைத்தால் மறுநாளே நாறும். வண்டியில் ஒட்டிய சேற்றை ஒரு பக்கெட் தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் அடித்துவிட்டு, பிறகு நிம்மதியாக உட்கார்ந்து பேசுங்கள். மறுநாளே நண்பர்களோடு வண்டியில் ஆலப்புழை கிளம்ப வேண்டாம். ஒரு நாள் தோளுக்கும் முதுகுக்கும் ஓய்வு கொடுங்கள்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். மழைப் பகுதி காலையில், உடம்பு புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடுகிறது, காற்றும் பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். அதனால் சிலருக்கு ஒரே நாளில் சென்னை போய்விடலாம் என்று தோன்றும். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பதினோரு மணிக்குள் கோவையைத் தாண்டி, சேலத்தை இரண்டு மணிக்குள் பிடித்துவிட்டால் அதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் விழுப்புரத்துக்குப் பிறகு இருட்டில்தான் ஓட்டுவீர்கள், வார இறுதி என்றால் செங்கல்பட்டு, தாம்பரம் நெரிசலும் சேரும். சேலத்துக்கு மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டால் அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் விடியற்காலையில் கிளம்புங்கள்.